காலை நீட்ட முடியாத விமானம்

"இதுக்குப் பேரு பிளேனா? கட்டை வண்டியே தேவலாம்!"

முன் சீட்டிலிருந்து ஜம்புகுமார் போட்ட சத்தம், வெளியே டிக்கெட்டுக்கு நின்ற கூட்டம் வரைக்கும் கேட்டது. சரசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரம்பிச்சிட்டாருய்யா மனுஷன்!

எண்பத்திரண்டாம் வருஷத்துத் தீபத் திருவிழாப் பொருட்காட்சியில் சரசுவும் அவள் புருஷன் சகாதேவனும் போட்டிருந்த கொட்டகைதான் அந்த விமானம். மரச்சட்டம், தகரம், மேலே வெள்ளிப் பெயின்ட். சத்தத்துக்கு ஒரு பழைய டீசல் இன்ஜின். அடியில் லாரி ஸ்பிரிங் வைத்து, அதைக் குலுக்க மண்ணாங்கட்டி என்று ஒரு தடியாள். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் சக்கரத்தில் ஒட்டின இலவம்பஞ்சு சுற்றும், மேகமாம். சரசுதான் ஏர் ஹோஸ்டஸ். ஒரு கும்பிடு, ஒரு ஆரஞ்சு மிட்டாய், காதில் வைக்கப் பஞ்சு. டெல்லி வரைக்கும் குலுக்கிவிட்டு, ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவார்கள்.

இது ஓடாவிட்டால் ரெண்டு பேரும் சரசுவின் அண்ணன் அரிசி மில்லுக்கு மூட்டை தைக்கப் போகணும். "பிளேன் விடறாங்களாம் பிளேனு!" என்று அண்ணன் சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் கூட்டம் சேர ஆரம்பித்தது. கூடவே இந்த ஜம்புகுமாரும் வந்து சேர்ந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, சலவை ஜிப்பா. சாயங்காலம் முதல் ஆட்டத்துக்கே வந்து முன் சீட்டைப் பிடித்துவிடுவார்.

"ஏம்மா, முட்டி எப்படி இடிக்குது பாரு. நான் பம்பாய்க்குப் போன பிளேன்ல காலை நீட்டிக்கிட்டுப் போனேன், தெரியுமா?"

மறுநாளே சகாதேவன் ஒரு வரிசை நாற்காலியைத் தூக்கிவிட்டான்.

"வரும்படி கம்மியாயிடுமேங்க" என்றாள் சரசு.

"இன்னாடி பண்ணச் சொல்றே? சனம் மொத்தமும் அந்தாளு வாயையே பாக்குது."

காலுக்கு இடம் கிடைத்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"சீட்டு ரொம்பினாத்தான் கிளப்புவீங்களா? 'டெல்லி ஒண்ணு, டெல்லி ஒண்ணு'ன்னு கூவறீங்களே, இது இன்னா செங்கம் பஸ்ஸா?"

கூவுவதை நிறுத்திவிட்டு மணி அடித்தார்கள்.

"வெறும் மிட்டாய்தானா? பம்பாய் பிளேன்ல காபி குடுத்தாங்க."

காபி வந்தது. டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்றார்.

குலுக்கல் ஜாஸ்தி என்றார். மண்ணாங்கட்டி மெதுவாகக் குலுக்கினால், "பறக்குதா, தூங்குதா?" என்றார். வாந்தி எடுக்கப் பை எங்கே என்று கேட்டார். பை கொடுத்ததும், கொடுத்ததை வீணாக்கக் கூடாதென்று பக்கத்து சீட்டு ஆள் நிஜமாகவே வாந்தி எடுத்துவைத்தார்.

மற்றவர்களுக்கும் இது தொற்றிக்கொண்டது. பச்சையம்மாள் என்கிற பூக்காரி ஜன்னல் சீட்டுக்காக மூணு பேரோடு மல்லுக்கு நின்றாள். ஒரு பெரியவர், போகிற வழிதானே, தன்னைப் போளூரில் இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சினார்.

அன்றைக்குக் கட்டை வண்டி என்று கத்தி முடித்ததும் ஜம்புகுமார் சரசுவையே ஏற இறங்கப் பார்த்தார்.

"பம்பாய் பிளேன் பொண்ணு சிரிச்சா மனசு குளுந்துடும். நீ சிரிச்சா பல்லு வலிக்காரி மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். சரசு தட்டைத் தடாலென்று கீழே வைத்தாள்.

"இறங்குங்கய்யா கீழ! உங்க காசைப் புடிங்க. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதீங்க!"

ஜம்புகுமார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் விமானத்தில் சண்டையுமில்லை, சத்தமுமில்லை. கூட்டமும் இல்லை. வந்த நாலு பேரும் தகரத்தைத் தட்டிப் பார்த்து, "சும்மா டப்பாடா இது!" என்று சிரித்துவிட்டு ராட்டினத்துக்குப் போய்விட்டார்கள். சேதி அதற்குள் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. "கோணி ஊசி தயாரா இருக்குன்னு சொல்லு" என்று ஆள் விட்டிருந்தான். சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் காலையில் வயசான அம்மா ஒருத்தர் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"என் பேரு குசுமாவதி. ஜம்புகுமார் சம்சாரம். வந்தவாசிப் பக்கம் எங்களுக்கு. இங்க கடைசி வரிசையில பித்தளைப் பாத்திரக் கடை போட்டிருக்கோம்."

சரசு விடவில்லை. "அம்மா, உங்க வீட்டுக்காரரு பம்பாய்க்குப் பிளேன்ல போனவராவே இருக்கட்டும். அதுக்காக எங்க வயித்துல அடிக்கலாமா?"

"பிளேனா? அவரு வேலூரைத் தாண்டினதில்லம்மா."

சரசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அத்தனையும் புளுகா? பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?"

"புளுகுதான். ஆரம்பத்துல ஒருநாள், காலி நாற்காலி ஒவ்வொண்ணுக்கும் நீ கும்பிடு போட்டுப் பழகிக்கிட்டு இருந்தியாமே. அதைப் பாத்துட்டு வந்து அவருக்கு சோறு எறங்கல. 'நல்லா இருக்குன்னு சொன்னா, சொந்தக்காரன் சொல்றான்னுடுவாங்க குசுமா. பிளேன்ல போனவன் மாதிரி நொட்டை சொன்னாத்தான் நெஜம்னு நம்பி ஏறுவாங்க'ன்னாரு."

சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு அவரை வரச் சொல்லுங்கம்மா. எவ்ளோ வேணா திட்டட்டும்."

"வருவாரு. உன் மொத ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கம்மா. நாங்க சமணருங்க, பொழுது சாஞ்சா சாப்பிடமாட்டோம். அவரு சாப்பிடற நேரத்துலதான் நீ மணி அடிக்கிறே. உன்னைத் திட்டறதுக்குன்னே இத்தனை நாளும் ராப்பட்டினியா படுக்கறாரும்மா அந்த மனுஷன்."