இரண்டில் ஒன்று

மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டர் படு மந்தம். பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் திரை யோசித்துக்கொண்டுதான் இருக்கும்.

நல்ல பெயர் வாங்கத் துடித்த புது மாப்பிள்ளை, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தேவையில்லாத மென்பொருள்களை நீக்கினான். யாரும் ஆடாத விளையாட்டுகளைத் துரத்தினான். மாலைக்குள் கம்ப்யூட்டர் பறந்தது.

மாமனாருக்கு வாயெல்லாம் பல். "எப்படி மாப்பிள்ளை?"

"பாதி இடத்தை போட்டோதான் அடைச்சிருந்தது மாமா. உங்க பொண்ணு படம் எல்லாமே ரெண்டு ரெண்டா இருந்தது. அதே கவுன், அதே ஊஞ்சல், அதே சிரிப்பு. நல்லா இருந்ததை வச்சுக்கிட்டு, சுமாரா இருந்ததை அழிச்சுட்டேன். குப்பைத்தொட்டியும் காலி!"

மாமனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

சத்தம் கேட்டு வந்த மனைவி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ஒவ்வொண்ணுலயும் தேவதை மாதிரி இருக்கே!" என்றான் அவன்.

"இதுல ஒண்ணுகூட நான் இல்லைங்க."

"பின்னே யாரு?"

"பிரசவ நேரம்னு நம்ம கல்யாணத்துக்கு வர முடியாமப் போச்சே, எங்க அக்கா. அவதான்."

"அவங்க உன்னைவிடப் பெரியவங்களாச்சே?"

"ஆமா. அஞ்சு நிமிஷம் பெரியவ."

வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல மாமனார் மெல்ல நழுவினார்.

மனைவி நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ, சுமாரா இருந்தது யாருங்க?"