விஸ்ட்ஃபுல்

"இந்த வயசுல யாருகிட்டங்க இங்கிலீஷ் பேசிக் காட்டப் போறீங்க?"

கேட்டேவிட்டாள். காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்குப் பாதிதான் விழுந்தது போலிருக்கிறது.

"விஸ்ட்ஃபுல்," என்றார். "கடைசியில ஒரு எல்தான். நிறையப் பேர் ரெண்டு போட்டுடறாங்க."

"அதை யார் கேட்டா?"

"ஏக்கமா இருக்கிறதுன்னு அர்த்தம். நடக்கும்னு பெரிசா நம்பிக்கை இல்லாத ஏக்கம். ஆதியில கூர்ந்து கவனிக்கிறதைத்தான் அப்படிச் சொன்னாங்களாம். எங்கேருந்து வந்த வார்த்தைன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியல."

சொல்லிவிட்டு மறுபடி ஃபோனைத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடியும் தட்டினார்.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். திடீரென்று ஃபோனில் இங்கிலீஷ் அகராதியை இறக்கிக்கொண்டு அதில் ஒரு பெண்குரல் உச்சரித்துக் காட்டுவதை ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்க ஆரம்பித்தார். போகட்டும், பொழுது போகிறது என்று விட்டாள். ஆனால் இந்த வாரம் முழுக்க இந்த ஒரே வார்த்தைதான். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா? இருப்பது ஒரே மகள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனாள் என்பதற்காக, "இனிமே அவ குரல் என் காதுல விழக் கூடாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் துணி உலர்த்தும் சாக்கில் மாடிக்குப் போய்த்தான் மகளோடு பேச வேண்டியிருக்கிறது. சாப்பிட்டியா, தூங்கினியா என்பதற்குள் கீழே இவர் கூப்பிட்டுவிடுவார். புது ஊரில் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்கக்கூட நேரம் வாய்த்ததில்லை.

பெற்ற பெண்ணின் குரல் கசக்கிறது. எவளோ இங்கிலீஷ்காரி சொல்வது மட்டும் தேனாக இனிக்கிறதாக்கும்!

"ஏக்கம்னா என்னன்னு தெரிஞ்சுக்க அகராதி எதுக்குங்க? என் மூஞ்சியைப் பாருங்க, தெரியும்."

அவர் நிமிரவில்லை. விரல் மட்டும் திரையைத் தட்டியது.

அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று போய், அவருடைய ஒரு காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். எவள் அந்த மகராணி என்று பார்த்துவிடலாம்.

"விஸ்ட்ஃபுல்," என்றது குரல்.

இயர்போனைக் காதோடு அழுத்தியபடி அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க... இது நம்ம பொண்ணு!"

"அவதான். அகராதிக்குக் குரல் குடுக்கிறதுதான் அவ வேலை. என்கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் சொன்னார்." அவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "ஏ-யில ஆரம்பிச்சு எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. குரல் காதில் விழக் கூடாது என்று சொன்ன வாயா இது?

"அப்புறம் எதுக்கு இந்த ஒண்ணையே போட்டுப் போட்டுக் கேக்கறீங்க?"

"மத்ததெல்லாம் கணீர்னு இருக்கு. இதுல மட்டும் தொண்டை கட்டியிருக்கு. நல்லாக் கேளு."

"அது எப்பவோ பேசிப் பதிஞ்சதா இருக்கும்ங்க."

"இருக்கட்டுமே. அடுத்த தடவை நீ பேசறப்போ வெந்நீர் குடிக்கச் சொல்லு," என்றார், இயர்போனை வாங்கி மறுபடி காதில் மாட்டிக்கொண்டே. "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."