தாயத்தின் சத்தம்

பட்டினப்பாக்கத்துப் பச்சையம்மா, வலையில் சிக்கிய தாயத்தோடு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தாள். அது வெள்ளியென்றால், கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷனுடையதுதான். தாலியைக் கழற்றிவிட வேண்டியதுதான். மந்திரித்ததை ஆசாரி கல்லில் உரசிப் பார்க்கக் கூடாதாம்; அதனால்தான் இங்கே வந்தாள்.

பௌதிக ஆசிரியர் வலியுல்லா அதை நியூட்ரானை உமிழும் ரேடியம்-பெரிலியக் குப்பியின் பக்கத்தில் வைத்து நியூட்ரான் படவிட்டார். பிறகு எடுத்து, கதிர்வீச்சை எண்ணும் கருவிக்கு அடியில் வைத்தார். கருவி டிக் டிக்கென்றது. நியூட்ரான் பட்ட வெள்ளியின் சத்தம் இரண்டரை நிமிஷத்துக்கொரு தரம் பாதியாகக் குறையும். இது இரண்டரை நிமிஷத்துக்கொரு தரம் இரட்டித்தது. கருவியை மாற்றியும் இரட்டித்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“இன்னாம்மா இது, ஏறிக்கினே போவுது?”

“கிட்ட வந்துக்கினு கீறாரு பாய்.”

சத்தம் சட்டென்று நின்றது. பச்சையம்மா பெஞ்சில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.