ஊருக்கு அனுப்பும் படம்

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து, தையல்காரியும் அவள் மகளும் சர்ச் படிக்கட்டில் படத்துக்கு நிற்கிறார்கள். காணிக்கை திரட்டி இந்த மிஷனரித் தம்பதியைக் கடல் தாண்டி அனுப்பிய சொந்த ஊர்ச் சபைக்குப் போகவேண்டிய படம். குழந்தையின் சிவப்புக் கோட்டு அம்மா தைத்தது. குளிர்கால வெயில் அதன் பொத்தான்களில் சறுக்கி விளையாடுகிறது. மிஷனரி கேமராவை உயர்த்துகிறார், இறக்குகிறார். “இவ்வளவு பளபளப்பா அனுப்பினா, அங்க உங்களுக்கு என்ன வேலை, திரும்பி வாங்கன்னுடுவாங்க,” என்று மனைவி அவர் காதோரம் முணுமுணுக்கிறாள். சரக்கு நன்றாயிருந்தால் விலை இறங்கிப்போகும் வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான். மிஷனரி தொண்டையைச் செருமுகிறார். “தங்கச்சி, பாப்பா கோட்டை மட்டும் கழட்டிடலாமா? வெளிச்சத்துல கூசுது.” தையல்காரி அவரைப் பார்க்கிறாள், பிறகு அவர் மனைவியை. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொள்கிறாள். குழந்தை தோளைக் குறுக்கிக்கொள்கிறது. மிஷனரி கேமராவை மறுபடி கண்ணில் வைக்கிறார். “அக்கா,” என்கிறாள் தையல்காரி, குரலில் துளி கோபமில்லாமல், “கடையில ஒட்டுப்போட வந்த கிழிசல் சட்டை ஒண்ணு கிடக்கு. அதை மாட்டிவிட்டா உங்களுக்கு இன்னும் உதவுமா?” மனைவி தரையைப் பார்க்கிறாள். மிஷனரி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை; எடுத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.