தட்டில் விரித்த தாள்

மகன் விரும்பிய பெண்ணை அவள் நடத்தும் பீட்சா கடையிலேயே பார்ப்பதாகவும், சம்மதத்தை மதியம் அங்கு உண்டபின் தெரிவிப்பதாகவும் சொல்லியிருந்தார் வைத்தியலிங்கம். பீட்சாவை அவர் அதுவரை தொட்டதில்லை. தட்டில் வெண்தாள் விரித்து, குயிலி துண்டுகளைப் பரிமாறினாள்.

"ஊறுகாய் கிடையாதாம்மா?"

"மிளகாய்த்தூள்தான் இருக்கு, மாமா."

"அதுக்குள்ள மாமாவா?"

குயிலி மிளகாய்த்தூளை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் துண்டுகளை விரல்களால் பிய்த்து, காய்ந்த விளிம்பையும் விடாமல் நிதானமாக உண்டார். முடிவில், கல்யாணப் பந்தியில் இலையை மடிப்பதுபோல், தாளின் மேற்பாதியைத் தம் பக்கமாக மடித்து வைத்துவிட்டுக் கைகழுவ எழுந்தார்.

உள்ளே அடுத்த பீட்சா கருகும் மணம் எழுந்தது. குயிலி அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.