பொன்மணி போன வீடு

மட்டாஞ்சேரியில் இருந்த அந்த ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்குள் லதீஃபா சீறிக்கொண்டு நுழைந்தாள்.

“உம்மா படுத்த படுக்கையா கெடக்கு. பாத்துக்க நீங்க அனுப்புன பொன்மணி நாலு நாளா வரல. யாரு சேட்டா அவளைக் கொத்திட்டுப் போனது?”

“இடக்கொச்சியில ஒரு வீட்டுல இருக்காங்க, இத்தா,” என்றார் ஏஜென்ட் இசக்கிதுரை.

“என்ன சம்பளமாம்? நான் கூடவே தாரேன்!”

“அங்க சம்பளமே கிடையாது.”

“சும்மா வேலை பாக்க அவளுக்கென்ன பைத்தியமா? லீவு போட்டுப் போட்டு எனக்கு வேலையே போயிரும் போல. வேற ஆளையாச்சும் அனுப்புங்க!”

“ஆளே இல்ல, எல்லாரும் வெளிநாடு போயாச்சு. பேரை எழுதுங்க, வரிசைப்படி அனுப்புறேன்.”

லதீஃபா நோட்டை வெடுக்கென்று இழுத்தாள். கடைசியாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

‘பொன்மணி, இடக்கொச்சி. மாமியாருக்குப் பக்கவாதம். பார்த்துக்க ஆள் வேணும்.’