எதிர்த்தரப்போடு பேசக்கூடாது

"சாமி, ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்புடறேன்" என்று பொன்னாயி காலில் விழ வந்தாள். சர்க்கார் வக்கீல் சிவசுப்பிரமணியன் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து, கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இங்க பாரும்மா, நான் சர்க்கார் பக்கம், நீ எதிர்ப்பக்கம். கேசு முடியற வரைக்கும் உன்னோட நான் பேசக்கூடாது, நீயும் எங்கிட்ட பேசக்கூடாது. தள்ளி நில்லு."

பெரம்பலூர் கோர்ட்டு வாசலில் காலையிலிருந்தே இந்தக் கூத்துதான். அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடிவந்தாள், வேப்பமரத்தடிக்கும் வந்தாள், இப்போது படிக்கட்டுக்கே வந்துவிட்டாள். அவரும் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகினார். தொழிலில் மனிதர் அவ்வளவு சுத்தம்.

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவருக்குத் தெரியாதா? பிள்ளையைப் பிரிக்காதீர்கள் என்பாள். எல்லாத் தாயும் அதைத்தானே சொல்வாள்!

பொன்னாயியின் மகள் கொளஞ்சிக்கு எட்டு வயது இருக்கும். தகப்பன் மலேயாவுக்குப் போனவன். யுத்தம் முடிந்தும் சேதி இல்லை. ரேஷன் அரிசிக்கே ஜனங்கள் அடித்துக்கொண்ட அந்த வருஷத்தில், சிறுவாச்சூர் கோவில் வாசலில் கையேந்திய பிள்ளையைப் போலீஸ்காரர் பிடித்துவிட்டார். விசாரணையன்றைக்குக் கூட்டிவரச் சொல்லித் தாயிடமே விட்டிருந்தார்கள்.

குழந்தைகள் சட்டப்படி கொளஞ்சியைப் பட்டணத்துச் சர்க்கார் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி வாதாட வேண்டியவர் சிவசுப்பிரமணியன். உத்தரவானால் அன்றைக்கே அரியலூரில் ரயிலேற்றிவிடுவார்கள். பிறகு பதினெட்டு வயது வரைக்கும் அங்கேதான்.

போன வருஷம் ஆண்டிமடத்துப் பிள்ளை ஒன்றை அப்படித்தான் ரயிலேற்றினார்கள். பிளாட்பாரம் முடிகிற வரை அதன் தாய் ரயிலோடு ஓடியதை அவர் கண்ணால் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

"ஏங்க, இன்னைக்கும் ஒரு புள்ளைய தாய்கிட்டேருந்து பிரிச்சிட்டுத்தான் வருவீங்களா?" என்று காலையில் மனைவி சம்பூர்ணம் கேட்டாள். வேலையை உதறிவிடலாமென்றால் கல்யாணத்துக்குப் பெண்கள் நிற்கிறார்கள். உதறாவிட்டால் இந்தப் பாவம் விடாது. அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் மனிதர் வகையாக மாட்டிக்கொண்டிருந்தார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். கொளஞ்சி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. தலை நிறைய எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னி, துவைத்த பாவாடை கட்டியிருந்தது. இடுப்பில் ஒரு சின்னத் துணி மூட்டை. அதற்குள்ளிருந்து மாற்றுப் பாவாடை எட்டிப் பார்த்தது.

தாயின் சேலையிலோ இனி ஒட்டுப்போட இடமில்லை. அவள் தலை எண்ணெயைப் பார்த்தே வெகுநாளாகியிருக்கும். சிவசுப்பிரமணியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பாவத்தை இன்றைக்குச் செய்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

"இந்த மனுவைச் சர்க்கார் தரப்பு வற்புறுத்தலைங்க" என்றார்.

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன வக்கீல் சார் இது? சாட்சி சொல்லப் போலீஸ்காரர் வெளியில நிக்கிறாரு. இந்த மாதிரி கேசுல மெத்தனமா இருக்கீங்கன்னு ஏற்கெனவே உங்களுக்குத் திருச்சி மேலிடத்துலேருந்து ஒரு தாக்கீது வந்ததாக் கேள்வி!"

"வந்துதுங்க. ஆனா புள்ளையக் கொஞ்சம் பாருங்க. தலைக்கு எண்ணெய், துவைச்ச துணி, போதாக்குறைக்கு மாத்துத்துணி வேற. இப்படிப் பாத்துக்கிற தாய் இருக்கறப்ப, இதை எப்படிங்க ஆதரவில்லாத புள்ளைன்னு சொல்றது?"

"சாமி..." என்று பொன்னாயி ஓரடி முன்னால் வந்தாள்.

"உஸ்! கேட்டாத்தான் வாயத் தொறக்கணும்" என்று டவாலிச் சேவகன் அதட்டினான். சர்க்கார் வக்கீலே கைவிட்ட வழக்கில் அவளைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? யாரும் கேட்கவில்லை.

"மனு தள்ளுபடி. புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போகலாம்" என்றார் மாஜிஸ்திரேட். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை நான் மேலிடத்துக்கு எழுதாம இருக்க முடியாது, வக்கீல் சார். தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

எழுதட்டுமே! வேலை போனாலும் போகட்டும். வெகுகாலத்துக்குப் பிறகு சிவசுப்பிரமணியனுக்கு நன்றாக மூச்சு விட முடிந்தது. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அவராகவே பொன்னாயியைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

வேப்பமரத்தடியில் மகளைக் கட்டிக்கொண்டு அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். அந்த அழுகையைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. சம்பூர்ணத்திடம் இன்றைக்குத் தலை நிமிர்ந்து பேசலாம்.

"அழாதம்மா. கேசுதான் முடிஞ்சிடுச்சே, இனிமே நாம பேசலாம். காலையிலேருந்து என்னமோ சொல்லணும்னு தவிச்சியே, இப்பச் சொல்லு."

பொன்னாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இனிமே சொல்லி என்ன சாமி ஆவப்போவுது? இவ ஒருத்தியாச்சும் அந்தச் சர்க்கார் பள்ளிக்கூடத்துல மூணு வேளை சோறு திங்கட்டும்னு, இவளப் புடிச்சுக்கச் சொல்லிப் போலீசுல போயிச் சொன்னதே நாந்தானுங்க."